ஐந்து கிரவுண்டில் ஒரு பழைய வீடு: விலை எதற்கு?

பழைய வீட்டை வாங்கி, இடித்து, அடுக்குமாடி கட்டி விற்கும் புரமோட்டர் ஒருவர் அந்த வீட்டைப் பார்க்க வந்தார்; கேட்டைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. காரை ஓரம் கட்டினார், டேப்பின் ஒரு முனையை டிரைவரிடம் கொடுத்து எதிர்வீட்டுக் காம்பவுண்டு சுவரோடு பிடிக்கச் சொன்னார், மறுமுனையை இந்தப் பக்கச் சுவரில் வைத்துப் பார்த்தார். 33 அடி. “புரோக்கர் நாப்பதுன்னாரே” என்று முனகிவிட்டு, செல்போனில் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். அப்புறம் கிளம்பிவிட்டார். வராண்டாவில் காபி டம்ளர்களோடு நின்றிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. “உள்ள வந்து தேக்குத் தூணையாவது பாக்கக் கூடாதா?” என்றார்.

நான் நண்பர் ஒருவருக்குத் துணையாகப் போயிருந்தேன். இடம் சென்னை ராஜா அண்ணாமலைபுரம் பக்கம், அடையாற்றுக்கு வடக்கே. மனை ஐந்து கிரவுண்ட், அதாவது 12,000 சதுர அடி. முன்பகுதி 1930களில் கட்டியது. பின்பகுதி எழுபதுகளில் சேர்த்த கான்கிரீட் கட்டடம். நண்பருக்கு அங்கே குடியிருக்க ஆசை. புரமோட்டருக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆனால் நண்பர் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைத் தீர்மானிக்கப் போவது அந்தப் புரமோட்டரின் செல்போன் கணக்குதான். வசதியானவர்கள் வாழும் பகுதியில், பெரிய மனையில் நிற்கும் பழைய வீட்டை மதிப்பிடக் கிளம்புகிற பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். வீட்டை மதிப்பிடுகிறார்கள். மதிப்பிட வேண்டியது, இதே இடத்துக்கு வேறு யார் எவ்வளவு கொடுப்பார் என்பதை.

சரி, அவர் ஏன் சாலையை அளந்தார்?

தமிழ்நாட்டில் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 18.3 மீட்டர் உயரத்துக்குள் கட்டும் சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. எஃப்எஸ்ஐ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். எல்லா மாடியும் சேர்த்து மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு; 12,000 சதுர அடி மனையில் 24,000 சதுர அடி கட்டலாம். அதற்கு மேல் அரசுக்குப் பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம்; அது எவ்வளவு என்பதைச் சாலையின் அகலம் முடிவு செய்கிறது. 9 மீட்டருக்கு மேல் 12 மீட்டருக்குள் இருந்தால் 30 சதவீதம், 12 முதல் 18 வரை 40 சதவீதம், 18-ஐத் தாண்டினால் 50 சதவீதம். 33 அடி என்பது ஏறக்குறைய 10 மீட்டர். நாற்பது அடி, அதாவது 12 மீட்டருக்குச் சற்று மேல், இருந்திருந்தால் அந்த 24,000-இல் 40 சதவீதம், கூடுதலாக 9,600 சதுர அடி. இருப்பது 33 என்பதால் 7,200தான். வித்தியாசம் 2,400 சதுர அடி, சரியாக ஒரு கிரவுண்ட் அளவுக்குத் தளப்பரப்பு. டேப்பை விரித்த அரை நிமிடத்தில் அது காணாமல் போய்விட்டது. தேக்குத் தூண் எத்தனை இருந்தாலும் அதை ஈடுகட்டாது. சாலை 9 மீட்டருக்கும் குறைவு என்றால் பிரீமியமே கிடையாது.

இனி அவருடைய கணக்கு. கீழே உள்ள தொகைகள் வழிமுறையைக் காட்ட நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் தெருவின் நிலவரத்தைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். பிரீமியத்தை விட்டுவிடுவோம். 24,000 சதுர அடியைச் சதுர அடி 30,000 ரூபாய்க்கு விற்றால் 72 கோடி. கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 7,000 என்றால் 16.8 கோடி. அனுமதிக் கட்டணம், வட்டி, விளம்பரம், கமிஷன் எல்லாம் சேர்த்து 8 கோடி. இரண்டு மூன்று வருடம் பணத்தை முடக்குபவர் விற்பனையில் 20 சதவீதமாவது லாபம் எதிர்பார்ப்பார், அது 14.4 கோடி. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது 32.8 கோடி. அதுதான் நிலத்துக்கு அவர் கொடுக்கக்கூடிய உச்சம். கிரவுண்டுக்குச் சுமார் 6.56 கோடி.

நிலத்தின் விலை இங்கே கடைசியில் மிஞ்சுவதாகத்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். பிளாட் விலை, அதாவது கட்டி விற்கும் அடுக்குமாடி வீட்டின் விலை, 10 சதவீதம் இறங்கி 27,000 ஆனால் விற்பனை 64.8 கோடி. கட்டுமானச் செலவும் இதர செலவும் இறங்காது. லாபம் 12.96 கோடி. மிச்சம் 27 கோடிதான். பிளாட் பத்து சதவீதம் இறங்க, நிலம் பதினேழு பதினெட்டு சதவீதம் இறங்குகிறது. ஏறும்போதும் இதே வேகம்தான். “போன வருஷம் பக்கத்துத் தெருவுல கிரவுண்டு இவ்வளவுக்குப் போச்சு” என்கிற பேச்சை அப்படியே நம்பி விலை சொல்ல முடியாததற்கு இது ஒரு காரணம். அதோடு, இந்த மாதிரித் தெருக்களில் வருடத்துக்கு ஒன்றிரண்டு கைமாறினாலே அதிகம். ஒப்பிட ஆள் இல்லாத சந்தை இது.

அரசின் வழிகாட்டி மதிப்பு உதவுமா? தெருவாரியாகப் பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கிறது. ஆனால் அது பத்திரச் செலவுக்கான அளவுகோல், சந்தை விலை அல்ல. 2023 ஜூலையிலிருந்து முத்திரைத் தீர்வை, பரிமாற்ற வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம். முப்பது கோடி சொத்தில் அதுவே 2.7 கோடி என்பதைப் பலர் விலை பேசி முடித்த பிறகுதான் நினைத்துப் பார்க்கிறார்கள்.

பெரிய மனை என்றால் கிரவுண்டுக்கு விலை அதிகம் என்ற நினைப்பும் பாதிதான் சரி. இரண்டு கிரவுண்டைவிட ஐந்து கிரவுண்டில் செட்பேக், அதாவது சுற்றிலும் காலியாக விட வேண்டிய இடம், விட்டது போகக் கட்டடம் ஒழுங்காக அமையும். புரமோட்டர் கூடுதலாகவே கொடுப்பார். ஆனால் சுமார் பதிமூன்றரை கிரவுண்ட், அதாவது 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் வேறு கதை. புதிதாகக் கட்டும்போது பத்து சதவீத இடத்தைத் திறந்தவெளிக்காக ஒதுக்க வேண்டும், அல்லது அதற்கான பணத்தைக் கட்ட வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணமாகக் கட்டும் வழியும் இல்லை. அந்த அளவில் வாங்குகிற தனிமனிதர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், கிரவுண்டு விலையும் பேச்சுவார்த்தையில் கரையும்.

இந்தப் புரமோட்டர் கணக்கில் பழைய வீட்டின் மதிப்பு என்ன? ஏறத்தாழ சுழி. இடிக்கச் செலவாகுமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: சென்னையில் நல்ல பழைய வீட்டை இடிப்பவர், இடிக்கக் காசு கேட்பதில்லை, அவரே காசு கொடுப்பார். பர்மாத் தேக்கு உத்தரம், கதவு நிலை, இரும்பு கிராதி, செங்கல் எல்லாவற்றுக்கும் தனிச் சந்தை இருக்கிறது. வீட்டுக்கார அம்மா பெருமைப்பட்ட தூண்களுக்கும் ஒரு விலை உண்டுதான். அது இடிப்பவர் சொல்லும் விலை.

குடியிருக்க வாங்குபவர் வேறு கணக்குப் போட வேண்டும். நாங்கள் ஒரு மேஸ்திரியைக் கூட்டிப் போயிருந்தோம், அறுபது வயதுக்காரர். இன்ஜினீயரின் அறிக்கை பிற்பாடு வந்தது. அதில் இருந்ததில் பெரும்பகுதியை அவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்தே சொல்லிவிட்டார்.

முன்பகுதியின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாட்டில் நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பாவிய கூரை. தொண்ணூறு வருடமாக நிற்கிறது. மேஸ்திரி கட்டையின் நடுவில் ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்கவில்லை. ஏணியைச் சுவரோரம் போட்டு, கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தினார். பதினாலு கட்டையில் பதினொன்றில் நுனி ஏறவில்லை. மூன்றில் வெண்ணெயில் போவது போல இரண்டு விரல் ஆழம் இறங்கியது. “சார், கட்டை நடுவுல சாகாது, மூலையிலதான் சாகும்” என்றார். மொட்டை மாடித் தண்ணீர் சுவர் வழியாக இறங்கும் இடம் அது. ஈரத்தைத் தொடர்ந்து கரையான் வரும். மூன்று கட்டையை மாற்றுவது பெரிய செலவில்லை. சுண்ணாம்புச் சுவரில் பிற்காலத்தில் யாரோ சிமென்ட் பூசியிருந்தார்கள். உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் இடுப்புயரத்துக்குச் சுவர் பொரிந்து கிடந்தது. சிமென்ட்டை உரித்துவிட்டுத் திரும்பச் சுண்ணாம்பு பூச வேண்டும். அதற்குத் தெரிந்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

பயம் வந்தது பின்பகுதியில். பார்க்கப் புதிது மாதிரி இருந்தது, போன தீபாவளிக்குத்தான் பெயின்ட் அடித்திருந்தார்கள். மேஸ்திரி ஒரு கழியால் கூரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். டங், டங் என்று கேட்டது ஒரு இடத்தில் டொக் என்றது. நாற்காலியைப் போட்டு ஏறி விரலால் நெம்பியதும் கையளவுக் காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருவேறிப் பருத்திருந்தது. கடற்கரை ஊரின் உப்புக் காற்று, அந்தக் காலத்தில் கம்பிக்கு வெளியே போதிய கனம் விடாமல் போட்ட கான்கிரீட், ஐம்பது வருடம். துருப்பிடித்தால் கம்பி உப்பும், உப்பினால் கான்கிரீட் பிளக்கும். தொண்ணூறு வயதுப் பகுதியைக் காப்பாற்றலாம், ஐம்பது வயதுப் பகுதியை இடிப்பதே லாபம் என்பது மேஸ்திரியின் தீர்ப்பு. பின்னால் வந்த இன்ஜினீயர் கான்கிரீட்டைத் துளைத்துச் சோதித்துவிட்டு, இன்னும் நாகரிகமான மொழியில் அதையே எழுதினார். பழைய வீட்டில் வயதைக் கேட்பதைவிட எதனால் கட்டியது என்று கேட்பது உபயோகம்.

அந்த வீட்டில் இன்னொன்றையும் பார்த்தோம். கேட்டிலிருந்து வராண்டாவுக்கு ஏறிப் போகவில்லை, இறங்கிப் போனோம். தார் ரோடு போடும் ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் தெரு உயர்ந்துவிட்டது. மூன்று படி ஏறிப் போக வேண்டும் என்று கட்டிய வீடு இப்போது தெருவுக்குக் கீழே கிடக்கிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டபோது அடையாற்றின் இரு கரையும் என்ன ஆயின என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். அவர் தன் இடுப்பைக் காட்டினார். ஆறு பக்கத்தில் இல்லையென்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. தியாகராய நகர் பழைய நெடிய ஏரியின் படுகையில் இருபதுகளில் எழுந்த பகுதி, வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். இப்போது ஜாக்கி வைத்து வீட்டையே நான்கைந்து அடி தூக்கித் தருகிறார்கள், சென்னையில் நிறைய வீடுகளுக்குச் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் செலவை விலை பேசும் முன்னால் எழுதிக்கொள்ள வேண்டும், வாங்கிய பிறகு அல்ல.

காகிதங்களுக்கு வருவோம். நேரம் அதிகம் தின்பது இதுதான், தவறினால் மொத்தமும் போவதும் இதில்தான்.

சென்னையின் பெரிய மனைகள் பலவும் ஒரு காலத்தில் இன்னும் பெரிய தோட்ட வீடுகளின் துண்டுகள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் கோட்டைக்கு வெளியே ஏக்கர் கணக்கில் வளைத்துக் கட்டியவை. 1906-இல் சென்னையின் அர்பத்நாட் வங்கி நிறுவனம் திவாலான மாதிரி ஒவ்வொரு சரிவிலும், பிறகு ஒவ்வொரு பாகப்பிரிவினையிலும் உடைந்து உடைந்து வந்தன. அதனால் மூலப்பத்திரத்தில் இருக்கும் அளவும் பட்டாவில் இருக்கும் அளவும் தரையில் இருக்கும் அளவும் மூன்றாக இருப்பது சகஜம். அனுமதி வாங்கப் போகும்போது பொதுவாக மூன்றில் குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்வார்கள். விலையையும் அந்தக் குறைந்த அளவுக்கே பேச வேண்டும். நாங்கள் பார்த்த வீட்டில் பத்திரத்துக்கும் தரைக்கும் 280 சதுர அடி வித்தியாசம் இருந்தது. பக்கத்து வீட்டுச் சுவர் எப்போதோ உள்ளே வந்திருக்கிறது.

வில்லங்கச் சான்றில் இணையத்தில் வருவதோடு நின்றுவிடாமல், அதற்கு முந்தைய காலத்துக்குப் பதிவு அலுவலகத்தில் கைமுறையாகத் தேடி வாங்க வேண்டும். 1968-இல் வைத்த அடமானம், பணம் எப்போதோ கட்டித் தீர்ந்தும் ரத்து ஆவணம் பதியப்படாமல் கிடக்கும். இன்னொன்றைப் பெரிய மனை வாங்குபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்: 1978-இல் வந்து 1999-இல் ரத்தான நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தின் கீழ் இந்த மனைமேல் நடவடிக்கை ஏதும் இருந்ததா? சட்டம் போய்விட்டது, ஆனால் அதற்கு முன்பே அரசு உபரி என்று சுவாதீனம் எடுத்திருந்தால் அந்தத் துண்டு திரும்பி வராது. சின்ன மனைக்காரர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதேபோல மயிலாப்பூர் பக்கத்தில் மனை கோயிலுக்கு, கட்டடம் மட்டும் இவர்களுக்கு என்று இருப்பதும் உண்டு. தோட்டத்து மூலையில் ஒருவர் சொந்தச் செலவில் கொட்டகை கட்டி வாடகை கொடுத்து வருகிறார் என்றால் 1921-ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அவருக்கு அந்த மண்ணையே விலைக்குக் கேட்கும் உரிமை இருக்கிறதா என்று வக்கீல் பார்க்க வேண்டும்.

வாரிசுகளில் மகள்களை விட்டுவிட்ட பழைய பாகப்பிரிவினை இன்னொரு குழி. பரம்பரைச் சொத்தில் அப்போது மணமாகாதிருந்த மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது; எல்லா மகள்களுக்குமான மத்தியச் சட்டம் 2005-இல் வந்தது. “அக்காவுக்குக் கல்யாணத்துல செஞ்சாச்சு” என்பது குடும்பத்தில் செல்லும், பத்திரத்தில் செல்லாது. அக்கா கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த வட்டாரங்களில் அக்கா பெரும்பாலும் நியூஜெர்சியில் இருப்பார். அங்கே வரி விஷயம் வருகிறது. விற்பவர் இந்தியாவில் வசிப்பவர் என்றால் 50 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு வாங்குபவர் ஒரு சதவீதம் பிடித்தம் செய்து கட்டினால் போதும். வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு அந்த ஒரு சதவீதம் செல்லாது. பிடித்தம் பல மடங்கு, பிடிக்காவிட்டால் பொறுப்பு வாங்குபவர் தலையில். விற்பவருக்கும் ஒரு கணக்கு உண்டு, லாபத்தின் மீதான வரி. 2001 ஏப்ரல் 1-க்கு முன் வந்த சொத்துக்கு அந்தத் தேதியின் மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்றால் பணவீக்கச் சரிக்கட்டல் (அடக்க விலையைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்திக்கொள்வது) இல்லாமல் 12.5 சதவீதம், அந்தத் தேதிக்கு முன்பே சொத்து வைத்திருந்த உள்நாட்டுவாசிகள் விரும்பினால் சரிக்கட்டலோடு 20 சதவீதம். அண்ணனுக்கும் நியூஜெர்சி அக்காவுக்கும் கையில் மிஞ்சுவது வேறுவேறு என்பதால், ஒரே விலைக்கு ஒருவர் தலையாட்டுவார், இன்னொருவர் மாட்டார். பேரம் இழுபடுவது பாதி நேரம் உங்களால் அல்ல. கொஞ்சம் ரொக்கமாக என்று யாராவது இழுத்தால், 20,000 ரூபாய் முதல் ரொக்க முன்பணம் சட்டப்படி கூடாது என்பதையும் அபராதம் அதே தொகை அளவுக்குப் போகும் என்பதையும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு, குடியிருக்க வாங்குபவர் புரமோட்டரோடு எப்படி மோதுவது? மோதக் கூடாது என்பதுதான் என் கருத்து. புரமோட்டருக்கு இடைஞ்சலாக இருப்பது எதுவோ அது உங்களுக்கு இடைஞ்சல் இல்லையா என்று பார்க்க வேண்டும். 20 அடிச் சந்து அவர் கணக்கைக் கொன்றுவிடும். உங்களுக்குக் கார் நுழைந்தால் போதும். கொடிக்கம்பு மாதிரி நீண்ட பாதைக்குப் பின்னால் மறைந்திருக்கும் மனை, நடுவில் பெரிய மரங்கள், கோணல் வடிவம் எல்லாமே அப்படித்தான். ஆற்றோரத்தில் அலையேற்றம் எட்டும் பகுதிக்குக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தினால் அவர் பின்வாங்குவார். சென்னையில் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியல் ஒன்றும் உண்டு. நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்தது, 2010-இல் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டட வழக்கில் உயர் நீதிமன்றம் அதற்குப் பலம் கொடுத்தது. வீடு அதில் இருந்தால் புரமோட்டர் தொடவே மாட்டார். உங்களுக்கும் இஷ்டப்படி மாற்றக் கட்டுப்பாடு வரும், பிற்பாடு விற்கும்போது வாங்க வருபவர்களும் குறைவாகவே இருப்பார்கள். ஆனால் போட்டியில்லாத விலைக்குக் கிடைக்கும்.

நாற்பதடிச் சாலையில், சதுரமான மனையில், சிக்கலில்லாத பத்திரத்தோடு நிற்கும் அழகான பழைய வீட்டுக்கு ஆசைப்படுபவர், தான் கட்டாத அடுக்குமாடிக்குத்தான் காசு கொடுக்கிறார். கொடுப்பதில் தப்பில்லை. தெரிந்து கொடுக்க வேண்டும்.

நாங்கள் பார்த்த வீடு இரண்டுக்கும் நடுவில் இருந்தது. 33 அடியில் புரமோட்டரின் உச்சம் என்ன என்று நண்பர் அவர் முறையிலேயே போட்டுப் பார்த்தார். அதிலிருந்து பின்பகுதியை இடித்துக் கட்டும் செலவு, வீட்டைத் தூக்கும் செலவு, 280 சதுர அடி, மூன்று கட்டை எல்லாவற்றையும் கழித்து ஒரு தொகையை எழுதி அந்த அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கழித்தல் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் படித்தார். கட்டை என்று எழுதியிருந்த இடத்தில் நின்றார்.

“மூணுதானா? நான் அஞ்சாறு இருக்கும்னு நெனச்சேன்” என்றார்.